ட்ரெபிளைக் கூட்ட வேண்டாம் அண்ணே

சீக்புர்க், ஜெர்மனி
டிசம்பர் 7, ஞாயிறு

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கச்சி எழுதிக்கொள்வது. நாங்கள் மூன்று பேரும் நலம். நீ, மைனி, பிள்ளைகள், அம்மா எல்லாரும் நலம்தானே?

போனில் பேசாமல் இவள் எதற்குக் கடிதம் போடுகிறாள் என்று நினைப்பாய். போன மூன்று ஞாயிறும் நான் பேசப் பேச, "என்னது? என்னது?" என்று கேட்டுவிட்டு மைனியிடம் போனைக் கொடுத்துவிட்டாய். சிக்னல் சரியில்லை என்றாய். மைனி பேசினது எனக்கு மணியாகக் கேட்டது. அதனால்தான் தாளில் எழுதுகிறேன். பொறுமையாக உட்கார்ந்து கடைசிவரை படி.

இங்கே இப்போது நாலரை மணிக்கே இருட்டிவிடுகிறது. காலை வேலை என்றால் ஆறு மணிக்கு நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்துக்குள் இருக்க வேண்டும். இருட்டில் கிளம்பி, வேலை முடித்து, பையனைக் கீட்டாவிலிருந்து (இங்கே பாலர் பள்ளியை அப்படித்தான் சொல்கிறார்கள்) கூட்டிக்கொண்டு வீடு சேர்வதற்குள் மறுபடி இருட்டு. ராத்திரிக்கு இந்த ஊர்க்காரர்கள் அடுப்பே பற்ற வைக்காமல் ரொட்டியும் சீஸும் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுகிறார்கள். மூன்று வருஷமாகியும் அது மட்டும் எனக்கு ஒத்துவரவில்லை. எத்தனை மணிக்கு வந்தாலும் சுடுசோறும் ரசமும் வேண்டும். பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது, ஞாயிற்றுக்கிழமை நாள் முழுவதும் கூடாது. ஆடி மாதம் நாலு திசையிலும் ஸ்பீக்கர் குழாய் கட்டிப் பாட்டுப் போட்ட வீட்டில் பிறந்தவளுக்கு இந்த அமைதி முதல் வருஷம் பயமாகவே இருந்தது.

உன் மருமகன் அக்டோபரில் கீட்டாவிலிருந்து ஒரு பாட்டோடு வந்தான். "ப்ரூடர்ஷென், கொம் டான்ஸ் மிட் மிர்" என்று ஆரம்பிக்கும். சகோதரா, வா, என்னோடு ஆடு, என் ரெண்டு கையையும் உனக்குத் தருகிறேன் என்று அர்த்தம். ஆடத் தெரியாது என்று நிற்கிற சகோதரனுக்கு அவன் கூடப்பிறந்தவள் சொல்லிக்கொடுக்கிறாள்: காலால் டப் டப் டப், கையால் க்ளப் க்ளப் க்ளப், ஒரு தரம் இந்தப் பக்கம், ஒரு தரம் அந்தப் பக்கம். அவன் அண்ணனா, தம்பியா என்று கேட்காதே. இந்த மொழியில் ரெண்டுக்கும் ஒரே சொல்தான். நமக்கோ அண்ணன் உண்டு, தம்பி உண்டு. ரெண்டையும் சேர்த்துச் சொல்ல மேடைப் பேச்சுச் சொல்தான் இருக்கிறது. வந்த புதிதில் "உனக்கு ப்ரூடர் உண்டா?" என்று யாராவது கேட்டால், உண்டு என்று மட்டும் சொல்லி நிறுத்த எனக்கு வாய் வராது. "மூத்தவர், பத்து வயது மூத்தவர்" என்று சேர்த்துத்தான் சொல்வேன்.

அந்தப் பாட்டு பிறந்த கதையைக் கேள். நான் தினமும் நடக்கிற சந்தைத் திடலில், இப்போது ஊர் மியூசியமாக இருக்கிற வீட்டில், 1854-ல் பிறந்தவர் எங்கெல்பெர்ட் ஹும்பர்டிங்க் என்ற இசையமைப்பாளர். அவருடைய தங்கை அடெல்ஹைட் வெட்டே. தன் பிள்ளைகள் வீட்டில் நாடகம் போட்டு ஆட வேண்டும் என்று 1890-ல் அந்த அம்மாள் பாட்டு எழுதி, மெட்டுப் போட்டுத் தா என்று அண்ணனிடம் கொடுத்திருக்கிறார். அதுவே வளர்ந்து வளர்ந்து முழு இசை நாடகமாகி 1893 டிசம்பர் 23-ல் வைமார் நகரத்தில் மேடை ஏறியது. கிரிம் சகோதரர்கள் 1812-ல் அச்சில் போட்ட ஹென்ஸல், கிரேட்டல் கதைதான் அது. கிறிஸ்துமஸ் சமயத்தில் இன்றைக்கும் நாடெங்கும் போடுகிறார்கள். சொல் தங்கச்சியுடையது, மெட்டு அண்ணனுடையது. இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து அந்த வீட்டைத் தாண்டும்போது ஒரு நிமிஷம் நிற்காமல் போவதில்லை.

நாடகத்தில் இந்தப் பாட்டு வரும் இடம் இன்னும் மனதைத் தொட்டது. வீட்டில் சாப்பாடு இல்லை. பையன் துடைப்பம் கட்ட வேண்டும், பெண் காலுறை பின்ன வேண்டும். பையன் பசி பசி என்று புலம்புகிறான். அவனைத் தேற்றத்தான் அவள் கையைப் பிடித்து ஆட இழுக்கிறாள். ஆட ஆட ரெண்டு பேரும் பசியை மறந்துவிடுகிறார்கள்.

எனக்கு என்ன ஞாபகம் வந்தது தெரியுமா? அப்பா இறந்த வருஷம். பதினாறு வயதில் மைக் செட்டை நீ எடுத்தாய். கல்யாண வீடுகளுக்கு என்னையும் கூட்டிப்போய் ஆம்ப்ளிஃபயர் மேஜைக்குக் கீழே உட்கார வைப்பாய். மைக் செட்டுக்காரனுக்கு முதல் பந்தியில் இடம் உண்டு. நீ இலையில் போட்ட கேசரியை வாழை இலைத் துண்டில் மடித்து எடுத்துவந்து மேஜைக்கு அடியில் நீட்டுவாய். பொண்ணு மணவறைக்கு வரும்போது "வாராய் என் தோழி". காதுகுத்து வீடானால், தாய்மாமன் சீர் தெருமுனை திரும்பியதும் "மானூத்து மந்தையிலே". அந்தப் பாட்டு வந்த 1993-க்குப் பிறகு நம் பக்கத்தில் அது ஒலிக்காத சீர்வரிசையை நான் பார்த்ததில்லை. "முத்துக்கு முத்தாக" கேசட்டை மட்டும் தொட மாட்டாய். சித்தப்பாவோடு வரப்புத் தகராறு வந்த நாளிலிருந்து அப்பா அதைப் போடவில்லை, நீயும் போடவில்லை. அந்தப் பாட்டு எனக்கு மிகவும் பிடிக்கும் என்று இத்தனை வருஷம் நான் சொன்னதே இல்லை. கண்டசாலா குரலில் கேட்டால் அண்ணன் தம்பி பிரியவே முடியாது என்று தோன்றும்.

இனி எங்கள் இல்லத்துப் பாட்டி ஒருத்தரைப் பற்றிச் சொல்கிறேன். தொண்ணூறு தாண்டியவர், மறதி நோய். அவருடைய தம்பி ரயிலேறிப் பார்க்க வருவார். பாட்டிக்கு ஆள் தெரியாது, மரியாதைச் சொல் போட்டு விருந்தாளியிடம் பேசுவது போலப் பேசுவார். போன புதன்கிழமை எல்லாரையும் கூட்டி உட்கார வைத்துப் பாட்டுப் பாடும் நேரம். பையனிடம் கற்றதை நான் ஆரம்பித்தேன். ரெண்டாவது வரிக்குள் பாட்டி ரெண்டு கையையும் தம்பி பக்கம் நீட்டிவிட்டார். அவருக்கு முட்டி வலி, எழுந்திருக்க முடியவில்லை. உட்கார்ந்தபடியே கையைப் பிடித்துக்கொண்டு காலைத் தட்டினார். ஒரு சொல் தப்பாமல் கடைசிவரை ரெண்டு பேரும் பாடினார்கள். "நாளை நமதே" படத்தில் பிரிந்த அண்ணன் தம்பிகள் பாட்டைக் கேட்டு ஒன்றுசேர்வார்களே, அப்படித்தான் ஆகப்போகிறது என்று நான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தம்பி கிளம்பிப் போன பிறகு பாட்டி என்னைக் கூப்பிட்டு, "அந்தப் பெரியவருக்கு நம் பாட்டு நன்றாகத் தெரிந்திருக்கிறது" என்றார்.

அன்று இரவு தூங்கவில்லை. "மலர்ந்தும் மலராத" பாட்டைக் காதில் மாட்டிக்கொண்டு படுத்திருந்தேன். 1961-ல் வந்த பாட்டு. டி.எம்.எஸ். குரலும் சுசீலாம்மா குரலும், அண்ணன் ஒரு பக்கம், தங்கை ஒரு பக்கம், தாலாட்டாகவே பாடுவார்கள். மைனி சொன்னது அப்போதுதான் உறைத்தது: இந்தப் பாட்டில் சுசீலா குரல் மட்டும் மங்கிவிட்டது, ஆம்ப்ளிஃபயர் போய்விட்டது என்று ஆறு மாதமாக நீ உச்ச ஓசையைக் கூட்டும் அந்த ட்ரெபிள் திருகைக் கூட்டிக்கொண்டே இருக்கிறாயாம். பிள்ளைகள் காதைப் பொத்துகிறார்களாம்.

அண்ணே, ஆம்ப்ளிஃபயர் நன்றாக இருக்கிறது. முப்பது வருஷம் குழாய்க்குப் பக்கத்தில் நின்ற உன் காதுதான் தேய்ந்திருக்கிறது. உள்காதில் மயிரிழை போன்ற செல்கள் உண்டு. பெரும் சத்தம் அவற்றை அழிக்கும், அழிந்தது திரும்ப முளைக்காது. மெலிந்த, உச்சமான ஓசைகள்தான் முதலில் போகும். அதனால்தான் உனக்கு டி.எம்.எஸ். கேட்கிறது, சுசீலா கேட்கவில்லை. மைனி சொல்வது கேட்கவில்லை, பிள்ளைகள் கூப்பிடுவது கேட்கவில்லை, நான் போனில் பேசுவது கேட்கவில்லை. அண்ணன் குரல் கேட்டு, தங்கச்சி குரல் மட்டும் கேட்காமல் போவதை என்னால் பொறுக்க முடியவில்லை.

காது மிஷின் மாட்டினால் ஊர் சிரிக்கும் என்று நினைக்காதே. இங்கே காலையில் பல்செட், கண்ணாடி, காது மிஷின் மூன்றையும் எடுத்து மாட்டிவிடுவது என் வேலை. மிஷின் மாட்டியதும் முகம் ஒரு நொடியில் மாறும், அதை நான் தினமும் பார்க்கிறேன். முதல் ரெண்டு வாரம் எல்லாச் சத்தமும் தகரம் போல இருக்கும். கழற்றி வைத்துவிடாதே, மூளை பழகிக்கொள்ளும்.

மைனி கணக்கில் அறுபதாயிரம் போட்டிருக்கிறேன். தங்கச்சி காசு வேண்டாம் என்று திருப்பி அனுப்பினால் நான் பேச மாட்டேன். நீ போட்ட பாட்டுகளில் எல்லாம் அண்ணன்தான் கொடுத்துக்கொண்டே இருக்கிறான். தாலாட்டில்கூட "மாமன் அடித்தானோ மல்லிகைப்பூச் செண்டாலே" என்று உன் பெருமையைத்தான் பையனிடம் பாடுகிறேன். தங்கச்சி கொடுத்து அண்ணன் வாங்கிக்கொள்ளும் பாட்டு ஒன்றுகூட நம் செட்டில் ஒலித்து நான் கேட்டதில்லை. கடல் தாண்டி வந்து ஒன்று கற்றிருக்கிறேன், அதை எனக்கு விட்டுக்கொடு.

பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலில் பையனுக்குக் காதுகுத்து. டிக்கெட் எடுத்தாகிவிட்டது. அன்றைக்கு நீ செட்டுப் பக்கம் போகக் கூடாது. பிள்ளையை மடியில் வைத்து உட்கார வேண்டியவன் நீ. ஊசி குத்தும்போது அவன் உன் காதுக்குப் பக்கத்தில்தான் வீறிட்டு அழுவான், அது உனக்கு முழுசாகக் கேட்க வேண்டும். செட்டை உன் மூத்த மகன், என் மருமகன் பார்த்துக்கொள்ளட்டும். "உன்கூடவே பொறக்கணும்" போடப்போகிறேன் என்று இப்போதே சொல்லிவிட்டான். போடட்டும், ஆனால் சீர் நுழையும்போது பழைய பாட்டுத்தான் என்று சொல்லிவை.

திருநெல்வேலி காது டாக்டரிடம் இந்த வாரமே போ. மிஷின் வாங்குமுன் காதைப் பஞ்சு வைத்துச் சுத்தம் செய்யாதே, அதை அவர்களே பார்ப்பார்கள். கோடு போட்ட ரிப்போர்ட் ஒன்று தருவார்கள், அதை மைனியிடம் கொடுத்துப் படம் எடுத்து எனக்கு அனுப்பச் சொல். புதன்கிழமை எனக்கு மதிய வேலை. உன் நேரம் பகல் மூன்று மணிக்கு முன்னால் அனுப்பினால் உடனே பார்ப்பேன்.

அன்புடன்,
உன் தங்கச்சி