எடைக்குப் போகும் எகிப்திய வேலைப்பாட்டு நகைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செட்டிநாட்டுப் பெரிய வீடுகளைப் பங்கு பிரிக்கும்போது தேக்குத் தூண்களும் நிலைக்கதவுகளும் பழம்பொருள் கடைகளுக்குப் போவதைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். அதே வீடுகளின் இரும்புப் பெட்டிகளிலிருந்து வெளிவரும் ஒருவகை நகை, யார் கவனத்துக்கும் வராமல் பட்டறையில் உருகிப்போவதைக் குறித்தே இக்கடிதத்தை எழுதுகிறேன். 19ஆம் நூற்றாண்டிலும் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் ஐரோப்பியப் பொற்கொல்லர்கள் பண்டைய எகிப்திய வடிவங்களைப் பின்பற்றிச் செய்த தங்க, மணிக்கல் நகைகள் அவை.

திருமணத் தாலியணியான கழுத்திருவின் அருமையும், புளூஜாகர் என்னும் உயர்தர வைரம் பதித்த தோட்டின் அருமையும் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் ரங்கூனுக்கும் சைகோனுக்கும் கொழும்புக்கும் கொண்டுவிற்கப் போனவர்கள் அங்கிருந்த ஐரோப்பியக் கடைகளில் வாங்கி வந்த, ஆடையில் குத்திக்கொள்ளும் புரூச்சையும் பதக்கத்தையும் வாங்கியவர் காலத்துக்குப் பிறகு அணிவாரும் இல்லை, இன்னதென்று அறிவாரும் இல்லை. சிறகு விரித்த வண்டு, படமெடுத்த நாகம், தாமரை மொட்டு, பருந்துத் தலை ஆகியவற்றைக் கண்டு, இது ஏதோ வெள்ளைக்காரன் பொம்மை என்று ஒதுக்கிவிடுகிறார்கள்.

அவை பொம்மைகள் அல்ல. எகிப்தியருக்கு அந்த வண்டு, காலைச் சூரியனாகிய கெப்ரி தெய்வத்தின் உருவம். சாணத்தை உருட்டிச் செல்லும் வண்டில், வானத்தில் சூரியனை உருட்டிச் செல்லும் ஆற்றலை அவர்கள் கண்டார்கள். சிவப்புக்குச் சூதுபவளம், பச்சை கலந்த நீலத்துக்குச் சினாய்ப் பகுதியில் வெட்டிய பேரோசனைக் கல் (டர்க்காய்ஸ்), ஆழ்ந்த நீலத்துக்கு ஆப்கானிஸ்தானத்துப் பதக்‌ஷானிலிருந்து வந்த லாபிஸ் என்று மூன்று நிறங்களை அடுக்கி, பொன் தகட்டால் சிறுசிறு அறைகள் கட்டி, கல்லை அந்த அறைக்கேற்ப இழைத்துப் பதித்தார்கள். (கீழடியில் சூதுபவள மணிகளும், செங்கடல் கரைத் துறைமுகமான குசேர் அல்-கதீமில் தமிழ்ப் பிராமி பொறித்த பானையோடுகளும் கிடைத்திருக்கும்போது, அந்த உலகம் நமக்கு முற்றிலும் அந்நியமானது என்று சொல்வதற்கில்லை.) அஹ்ஹோதெப் அரசியின் நகைகள் 1859இல் அகழ்ந்தெடுக்கப்பட்டு 1867ஆம் ஆண்டுப் பாரிஸ் பொருட்காட்சியில் வைக்கப்பட்டதும், 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டதும் அந்தப் பாணியை ஐரோப்பாவெங்கும் பரப்பின. 1922 நவம்பரில் தொல்லியலாளர் ஹோவர்டு கார்ட்டர் எகிப்திய மன்னன் துட்டன்காமனின் கல்லறையைக் கண்டறிந்தபின் அது ஒரு பெரும் மோகமாகவே மாறியது. ரோமில் பொற்கொல்லர்களான காஸ்டெலானி குடும்பத்தார், வண்டு வடிவில் செதுக்கிய பழைய எகிப்திய முத்திரைகளைப் புதுப் பொன்னில் கட்டினார்கள். பாரிஸின் கார்ட்டியே நிறுவனம் 1920களில் உண்மையான பழைய எகிப்தியப் பீங்கான் துண்டுகளை வைரத்தோடு சேர்த்து நகையாக்கியது. இவற்றில் நகையின் வயது வேறு, அதன் நடுவில் இருக்கும் துண்டின் வயது வேறு.

இத்தகைய நகை நம் ஊர்க் கடைக்கு வந்தால் என்ன ஆகிறது? முதலில் உரைகல். பிரெஞ்சு வேலை பெரும்பாலும் 18 காரட், அதாவது நூற்றுக்கு 75 பங்கு தங்கம். ஆங்கிலேய வேலையில் 1854 முதல் 1932 வரை 15 காரட்டும், அதாவது 62.5 பங்கும், சட்டப்படி வழங்கிய தரம். 916 பார்த்துப் பழகிய கண்ணுக்கு இரண்டும் மட்டத் தங்கம்தான். ‘மாற்று குறைவு, கல் எடை கழித்து இவ்வளவு’ என்று சொல்லும்போது, வீட்டாரும் ஏமாந்து வாங்கிய நகை போலும் என்று கூசிப்போய்க் கொடுத்துவிடுகிறார்கள். எனாமல் நெருப்பில் போகிறது. கல் குப்பைக்குப் போகிறது.

இது கேள்விப்பட்ட செய்தி அன்று. என் உறவினர் ஒருவர், தம் ஆச்சியின் பெட்டியில் இருந்த வண்டுப் புரூச்சை மகள் கல்யாண நகைக்காக மாற்றப் போனபோது நானும் உடன் இருந்தேன். விரிந்த சிறகுகளில் சிவப்பும் நீலமும் பச்சையுமாக எனாமல். ஒவ்வொரு இறகுக்கும் இடையே நூலிழை போன்ற பொன் கோடு. பின்புறத்து ஊசியின் ஓரத்தில், லென்ஸ் வைத்தால்தான் தெரியும் கழுகுத் தலை முத்திரை. 1838 முதல் பிரான்சில் 18 காரட் தங்கத்துக்கு இடும் முத்திரை அது. நான் சொல்லி முடிப்பதற்குள் பேச்சு முடிந்து, வண்டின் உடலாக இருந்த மங்கிய பச்சைக் கல்லைக் கடைக்காரர் நெம்பி எடுத்துவிட்டார். ‘சும்மா மாவுக்கல்லு’ என்று தள்ளி வைத்ததைக் கேட்டு வாங்கித் திருப்பிப் பார்த்தேன். அடிப்பாகம் தட்டையாக, அதில் சித்திர எழுத்துச் செதுக்கி, நீளவாக்கில் துளையும் இருந்தது. பண்டைய வண்டு முத்திரைகள் பெரும்பாலானவை நம் கல்சட்டிக்கு ஆகும் அதே மாக்கல்லில் செதுக்கிப் பளபளப்பு ஏற்றியவை. சுற்றுலாப் பயணிகளுக்காக எகிப்தில் செய்த போலிகளும் ஏராளம் என்பதால், அது எக்காலத்தது என்று நிபுணர்தான் சொல்ல முடியும். ஆனால் அது இருந்த பொன்கட்டு அதற்குள் கம்பியும் தகடுமாக வெட்டுண்டு கிடந்தது. கல்லைக் கட்டோடு பார்த்தால்தானே எதையும் அறுதியிட முடியும்?

1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டப்படி 100 ஆண்டுக்குக் குறையாத கலைப்பொருள் தொல்பொருளாகிறது. தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. துட்டன்காமன் மோகத்தின் தொடக்கத்தில் செய்த நகைகள் இப்போதுதான் அந்த வயதை எட்டியிருக்கின்றன. சட்டம் துறைமுகத்தில் காவல் நிற்கலாம், பட்டறையில் நிற்பது கடினம். அங்கே காக்க வேண்டியவர்கள் வீட்டாரும் நகைத் தொழில் செய்வோரும்தாம்.

விற்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கல்யாணச் செலவு யாருக்கும் காத்திருப்பதில்லை. பழக்கமில்லாத வேலைப்பாடு கொண்ட நகை எதையும் கல்லைப் பெயர்க்கும் முன் முன்னும் பின்னும் படம் எடுத்து, முத்திரையைக் குறித்துக்கொண்டு, ஒரு வாரமாவது அப்படியே வைத்திருக்கக் காரைக்குடி, தேவகோட்டை நகை வணிகர்கள் தங்களுக்குள் முடிவு செய்ய வேண்டும். கழித்த கல்லை உரியவரிடமே திருப்பித் தர வேண்டும். திருக்கோகர்ணத்தில் இயங்கும் புதுக்கோட்டை அரசு அருங்காட்சியகம், பொதுமக்கள் தம் பழம்பொருள்களைக் கொண்டுவந்து காட்டி விளக்கம் பெற மாதம் ஒரு நாளை ஒதுக்கினால் பேருதவியாக இருக்கும். தை முகூர்த்தங்களுக்குப் பழைய நகை மாற்றும் காலம் வருமுன், கழுகுத் தலை முத்திரை, 15 காரட் முத்திரை, வண்டின் அடிப்பாகம் ஆகியவற்றின் தெளிவான படங்களைச் சிவகங்கை, புதுக்கோட்டைப் பகுதிகளுக்கான பக்கத்தில் வெளியிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
தேவகோட்டை, சிவகங்கை மாவட்டம்.