தீபாவளிக்கு வாங்க, பட்டாசு பாக்ஸ் மட்டும் வேணாம்

தம்பி, நீ அனுப்புன போட்டோ பாத்தேன். பேரன் அந்த பட்டாசு பாக்ஸ கட்டிப்புடிச்சுக்கிட்டு நிக்கிறான், நல்லாத்தான் இருக்கு, ஆனா அத நம்ம ஊரு கொள்ளுகுடிப்பட்டிக்கு தூக்கிட்டு வந்துராதப்பா. மருமக வெளியூர்ப் புள்ள, பறவைகளுக்காக இங்க யாரும் வெடிக்கிறதில்லனு அதுக்குத் தெரியாது, நீயாவது சொல்லிருக்க வேணாமா?

பச்சைப் பட்டாசுதான்பாங்கிற. நீரிங்கிற மத்திய அரசு சுற்றுச்சூழல் ஆராய்ச்சி நிறுவனம் கண்டுபிடிச்சது, பொகை 30 சதவீதம் கம்மியாம். சரி, இருக்கட்டும், நாரைக்கு லேபிள் படிக்கத் தெரியுமாடா? இப்ப கண்மாய்க்குள்ள கருவேல மரம் பூராவும் கூடுதான், நத்தைகுத்தி நாரை, அரிவாள்மூக்கன், சாம்பல் நாரை, ராக்கொக்குனு எல்லாம் வந்து எறங்கிருச்சு, ஒரே ஒரு அணுகுண்டு வெடிச்சா போதும் மொத்தமும் எந்திரிச்சுப் பறந்துரும், அந்த நேரம் பாத்து காக்கா வந்து முட்டைய கொத்திரும், றெக்கை மொளைக்காத குஞ்சு தண்ணிக்குள்ள விழுந்துரும். 1977ல நம்ம கண்மாயையும் சேத்து வேட்டங்குடிய பறவைகள் சரணாலயம்னு அறிவிச்சாங்கதான், ஆனா போர்டுக்குப் பயந்தா வெடிக்காம இருக்கோம்? கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா எதுக்கும் இங்க வேட்டு கெடையாது. அதுக எச்சம் கலந்த தண்ணிதான் நம்ம வயலுக்குப் பாயுது, தனியா உரம் எவ்ளோ கம்மியாப் போடுறோம்னு பாத்தா தெரியும். தீபாவளிக்கு பாரஸ்ட்காரங்க வந்து ஊருக்கு ஸ்வீட் குடுத்துட்டுப் போறாங்க, அது சும்மா ஒரு மரியாதைக்கு. நம்ம மட்டும் இல்ல, திருநெல்வேலிப் பக்கம் கூந்தன்குளம், ஈரோட்டுப் பக்கம் வெள்ளோடு, அங்கயும் இதே கதைதான்.

வெடி இல்லாம என்னப்பா தீபாவளி, சாமி விசயத்துல ஏன் கைவைக்கிறாங்கன்னு உன் பிரெண்டு கேட்டான்ல? விடியக்காலைல நல்லெண்ணெய் தேச்சுக் குளிச்சு, புதுத்துணில மஞ்சத் தடவி, செத்துப்போன பெரியவங்களுக்குப் படையல் போட்டு, நாலு வீட்டுக்குப் பலகாரம் குடுத்தா அது தீபாவளி இல்லயா? வெடிமருந்தே சீனாக்காரன் சரக்கு, நரகாசுரன் கதைல அது எங்க வருது? சிவகாசி ஜனங்க பொழப்ப நான் குறை சொல்லல, அவங்களும் புள்ளகுட்டிக்காரங்கதான். அந்த பாக்ஸ மெட்ராஸ்லயே கார்த்திகைக்கோ எதுக்கோ வச்சுக்கங்க, இல்லாட்டி பக்கத்து வீட்டுப் புள்ளைகளுக்குக் குடுத்துரு, அதுக காலைல 6லருந்து 7, ராத்திரி 7லருந்து 8னு கவர்மென்ட் குடுத்த டயத்துல வெடிச்சுக்கட்டும். சரவெடி உள்ள இருந்தா அத மட்டும் குடுக்காத, 2018லயே சுப்ரீம் கோர்ட் வேணாம்னுருச்சு.

பேரன் அழுவான், தெரியும். ரெண்டு நாள்தான், அப்பறம் நான் கண்மாய்க்கரைக்குக் கூட்டிட்டுப் போயிருவேன், பைனாகுலர் ஒண்ணு வாங்கிட்டு வா, என் கண்ணுக்கு முன்ன மாதிரி தூரத்துல இருக்கறது தெரியல. அப்பத்தா அதிரசத்துக்கு அரிசி ஊறப்போடவானு கேட்டுக்கிட்டே இருக்கா. பல்லவன் எக்ஸ்பிரஸ்ல காரைக்குடிக்கு டிக்கெட் போட்டுட்டு போன் பண்ணு. ட்ரெயின்ல பட்டாசு கொண்டு வந்தா கேஸாயிரும், அதையும் மருமகட்ட சொல்லிரு.

அப்பா