புது ஓபரா எழுதப்போகும் நண்பனுக்கு

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. உங்கள் பல்கலைக்கழக இசைத் துறையில் புது ஓபரா (வசனத்தைப் பாட்டாகவே பாடும் மேற்கத்திய இசை நாடகம்) ஒன்று எழுதி மேடையேற்றப் போகிறீர்கள் என்று படித்ததும் சந்தோஷம் தாங்கவில்லை. கூடவே ஒரு கேள்வியும் கேட்டிருந்தாய். படிக்கிற பிள்ளைகளுக்கு மோட்சார்ட்டைச் சொல்லிக்கொடுப்பதை விட்டு, நாளைக்கு யாரும் பாடுவார்களா என்றே தெரியாத ஒன்றில் ஒரு வருஷத்தைப் போடலாமா என்று. போடலாம் என்பதுதான் என் பதில்.

நாடகம் இயக்கும்போது நேரம் நம் கையில் இருக்கிறது. ஒரு மௌனத்தை நீட்டலாம், ஒரு வசனத்தை விரட்டலாம். ஓபராவில் அந்தச் சுதந்திரம் குறைவு. கதவைத் திறந்து, ஆளைப் பார்த்து, திகைத்து நிற்க எத்தனை விநாடி என்பதை இசையமைப்பாளர் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார். 'ஃபிகரோவின் திருமணம்' எடுத்தால் 1786இல் மோட்சார்ட் வகுத்த நேரத்துக்குள்தான் நாம் யோசிக்க வேண்டும். புது ஓபராவில் இசையமைப்பாளரே ஒத்திகை அறையில் நம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். "இவள் படியிறங்கி வர நேரம் போதவில்லை, இன்னும் நாலு பார் இசை வேண்டும்" என்று கேட்கலாம். (பார் என்றால் ஒரு தாளச் சுற்று.) பெரியவர்களும் இதைச் செய்திருக்கிறார்கள். 1902இல் பாரிஸில் 'பெல்லியாஸும் மெலிசாந்தும்' அரங்கேறுவதற்கு முன், காட்சி மாற்ற நேரம் போதவில்லை என்று அதன் இசையமைப்பாளர் டெபுஸி ஒத்திகைக் காலத்திலேயே இடையிசையை நீட்டி எழுதினார். அந்த இடையிசைகளை இன்றைக்கும் வாசிக்கிறார்கள்.

எங்களிடமும் ஒரு புது வேலை ஓடிக்கொண்டிருக்கிறது. பியானோவை மட்டும் வைத்து முதல் அங்கத்தைப் பாடிப் பார்த்தோம். கதாநாயகி உண்மையை உடைக்கும் வரியை இசையமைப்பாளர் சோப்ரானோவின், அதாவது உயர்ந்த பெண்குரலின், உச்சத்தில் வைத்திருந்தார். அந்தப் பெண் அருமையாகப் பாடினாள். ஆனால் ஒரு சொல்கூடப் புரியவில்லை. அவ்வளவு மேலே போனால் இ, உ, ஏ எல்லாமே ஆ மாதிரிதான் கேட்கும். தொண்டையின் இயல்பு அது, பயிற்சியால் ஓரளவுக்குமேல் மாற்ற முடியாது. இசையமைப்பாளர் அவளை மறுபடி பாடச் சொல்லி, பென்சிலோடு பக்கத்தில் நின்று கேட்டார். மறுநாள் அந்த வரியைக் குரலின் நடுப்பகுதிக்கு இறக்கி, உச்ச ஸ்வரத்துக்குச் சொல்லே இல்லாமல் நீண்ட ஒரு 'ஆ' மட்டும் கொடுத்திருந்தார். இப்போது செய்தியும் போய்ச் சேருகிறது, அதன் பின்னால் வரும் அலறலும் நெஞ்சைப் பிசைகிறது. தன் குரலுக்காக ஒரு வரி மாறியதைப் பார்த்த பெண் அதற்குப் பிறகு எந்த ஸ்கோரையும், அதாவது இசைப்பிரதியையும், பழைய மாதிரி படிக்கமாட்டாள். மோட்சார்ட்டும் தன் எதிரே நின்ற பாடகர்களின் குரலை மனதில் வைத்துத்தான் எழுதினார் என்பது அவளுக்கு இனி வெறும் பாடப்புத்தகச் செய்தி இல்லை.

யாரும் மறுபடி பாடமாட்டார்கள் என்ற உன் கவலைக்கு வருகிறேன். அப்படி நடப்பது உண்டு. ஆனால் அமெரிக்க இசையமைப்பாளர் கார்லைல் ஃப்ளாய்டை நினைத்துப் பார். அவர் பாடம் நடத்திய ஃப்ளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில்தான் 1955இல் அவருடைய ஓபரா 'சூசன்னா' அரங்கேறியது. அடுத்த வருஷமே நியூயார்க் சிட்டி ஓபரா அதை எடுத்துக்கொண்டது. 1999இல் நியூயார்க்கின் பெரிய அரங்கான மெட்ரோபாலிட்டன் ஓபரா வரை போனது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1941இல் ஆங்கிலேய இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டனின் 'பால் பன்யன்', 1946இல் மெனோட்டியின் 'தி மீடியம்', 1947இல் வர்ஜில் தாம்சனின் 'தி மதர் ஆஃப் அஸ் ஆல்' என்று வரிசையாக வந்தன. இதில் எனக்குப் பிடித்த கதை 'பால் பன்யன்'தான். விமர்சகர்களுக்குப் பிடிக்கவில்லை, பிரிட்டன் அதை மூட்டை கட்டி வைத்துவிட்டார். எழுபதுகளில்தான் திரும்ப எடுத்துத் திருத்தினார். நடுவில் 1945இல் 'பீட்டர் கிரைம்ஸ்' எழுதியிருந்தார். முதல் முயற்சி சறுக்கினாலும் எழுதுகிறவனின் வாழ்க்கை அதோடு முடிந்துபோகாத ஓர் இடம் வேண்டும். அதைப் பல்கலைக்கழகம் தரமுடியும் என்று நான் மனதார நம்புகிறேன்.

சரி, வேலைக்கு வருவோம். பியானோவோடு பாடிப் பார்த்துத் திருத்தி முடிக்கும்வரை ஆர்கெஸ்ட்ராவுக்கு ஒரு ஸ்வரம்கூட எழுதவிடாதே. அப்புறம் ஒரு பார் மாறினாலும் ஒவ்வொரு வாத்தியக்காரரின் தாளையும் திருத்த வேண்டிவரும். வாத்தியங்களைக் குறைவாகவே வைத்துக்கொள். 'தி டர்ன் ஆஃப் த ஸ்க்ரூ' என்ற பேய்க்கதை ஓபராவுக்குப் பிரிட்டன் 13 பேரை வைத்துத்தான் அத்தனை பயத்தையும் கிளப்பினார். மைக் இல்லாமல் பாடும் இளம் குரல்கள் பெரிய ஆர்கெஸ்ட்ராவைத் தாண்டக் கத்த ஆரம்பித்தால் குரலே கெட்டுவிடும். உங்களிடமும் சோப்ரானோக்கள் நிறையவும் டெனர்கள் (உயர்ந்த ஆண்குரல்கள்) குறைவாகவும்தான் இருப்பார்கள். அதனால் கதை முடிவாகும் முன்பே லிப்ரெட்டோ (ஓபராவின் பாடல் வசனம்) எழுதுபவரிடம் பெண் பாத்திரங்களைக் கூட்டச் சொல்லிவிடு. கிழட்டு ராஜாவுக்குக் கனத்த பாஸ் (தாழ்ந்த ஆண்குரல்) வேண்டும் என்று கேட்டால் மறுத்துவிடு. அந்தக் குரல் இருபது வயதில் பழுத்திருக்காது.

இன்னொன்று, இது பணம் தருகிறவர்களிடம் பேச வேண்டியது. முதல் மேடையேற்றத்துக்கு ஆள் கிடைப்பது சுலபம். திருத்திய வடிவத்தை இரண்டாவது முறை போட யாரும் முன்வருவதில்லை. இப்போதே இன்னொரு பல்கலைக்கழகத்தைக் கூட்டுச் சேர்த்து, அடுத்த வருஷம் அங்கேயும் நடக்கும் என்று எழுத்தில் வாங்கிக்கொள். எங்கள் துறையும் கேட்டால் ஒத்துக்கொள்ளும், நான் பேசுகிறேன்.

என் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது. பொடி எழுத்து ஸ்கோரையும் விளக்கடியில் படிக்க முடிகிறது. ஆகவே லிப்ரெட்டோவின் முதல் வரைவு வந்ததும், இசையமைப்பாளரிடம் கொடுக்கும் முன் எனக்கு அனுப்பு. எங்கள் அரங்கேற்றத்துக்கும் வந்துவிடு. இளம் குரல்கள் அடுத்தடுத்த இரவு தாங்காது என்பதால் வெள்ளிக்கிழமை ஓர் அணி, சனிக்கிழமை வேறு அணி. இரண்டு நாளும் இருந்து பார். அந்த 'ஆ' பாடும் பெண் சனிக்கிழமை அணியில் இருக்கிறாள்.

அன்புடன்,
உன் பழைய சகா