வாங்குவது எப்படி என்று எழுதினீர்கள், எங்கே கொண்டுபோகக் கூடாது என்று எழுதவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் இருக்கும் தமிழர்களின் தற்காப்பு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். கைத்துப்பாக்கி வாங்க என்ன அடையாள அட்டை வேண்டும், கடையில் எந்தப் படிவத்தை நிரப்ப வேண்டும், பின்னணிச் சோதனை எப்படி நடக்கும் என்று கட்டுரையாளர் பொறுமையாக விளக்கியிருந்தார். சரி, வாங்கியாயிற்று. அப்புறம்? அதை இடுப்பில் செருகிக்கொண்டு எங்கே போகலாம், எங்கே போனால் கைவிலங்கு விழும் என்பதற்கு ஒரு பத்தி கூட இல்லை. போதாததற்கு, "இங்கே சட்டப்படி வசிக்கும் எவரும் வாங்கலாம்" என்று ஒரு வரி. அந்த வரி தவறு. நம் பிள்ளைகள் சிலரின் வாழ்க்கையையே கெடுத்துவிடக் கூடிய தவறு.

நான் டெக்சாஸில் 19 வருடமாக இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளியில் பாடம் எடுக்கிறேன். என் வீட்டில் துப்பாக்கி கிடையாது. வைத்திருப்பவர்கள் மேல் கோபமும் கிடையாது. போன வருடம் எங்கள் ஊர்க் கோயிலில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

அன்றைக்குப் பிரதோஷம். கூட்டம் நெருக்கியடித்தது. தீபாராதனை முடிந்ததும் எனக்கு முன்னால் நின்ற தம்பி சாஷ்டாங்கமாக விழுந்தார். ஜிப்பா மேலே ஏறியது. வலது இடுப்பில், ஜீன்ஸுக்கு உள்பக்கமாகச் செருகிய ஹோல்ஸ்டரில், கறுப்பாக ஒரு கைப்பிடி. அவர் கால்மாட்டில் மூன்று வயதுக் குழந்தை ஒன்று உட்கார்ந்து விபூதியைத் தரையில் தேய்த்துக்கொண்டிருந்தது. அதன் கைக்கும் அந்தக் கைப்பிடிக்கும் நடுவே ஒரு முழம் கூட இருக்காது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

அந்தத் தம்பியை எனக்கு நன்றாகத் தெரியும். தங்கமான மனிதர். பெட்ரோல் பங்க் நடத்துகிறார். ஒரு ராத்திரி கடையில் நெற்றிப்பொட்டில் துப்பாக்கியை வைத்துக் கல்லாவைக் காலி செய்துகொண்டு போனார்கள். அதற்குப் பிறகுதான் வாங்கினார், முறையாகப் பயிற்சி எடுத்து லைசென்ஸும் வைத்திருக்கிறார். அன்னதானம் முடிந்து அவரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"ஏன் தம்பி, கோயிலுக்குள்ளேயுமா?"

"அக்கா, வாசலில் போர்டு எதுவும் இல்லையே. நான் சட்டப்படிதான் வந்திருக்கிறேன்."

வீட்டுக்கு வந்து சட்டத்தை எடுத்துப் படித்தேன். அவர் சொன்னது சரிதான். டெக்சாஸில் வழிபாட்டுத் தலத்துக்கென்று தனித் தடை கிடையாது. மற்ற தனியார் இடங்களுக்கு என்ன விதியோ அதேதான் கோயிலுக்கும் என்பது 2019 செப்டம்பரில் ஐயத்துக்கு இடமில்லாமல் ஆகிவிட்டது. இடத்துக்குப் பொறுப்பானவர்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை என்றால் கொண்டுவரலாம். வாயால் சொன்னாலும் போதும், ஆனால் வருகிறவர் ஒவ்வொருவரையும் நிறுத்தி யார் சொல்லிக்கொண்டிருப்பது? பலகையில் எழுதுவதானால் சட்டம் கொடுத்த வாசகத்தையே, ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும், குறைந்தது ஒரு அங்குல உயர எழுத்தில், பளிச்சென்று தெரியும்படி எழுத வேண்டும். துப்பாக்கிப் படம் போட்டுக் குறுக்கே சிவப்புக் கோடு இழுத்த ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு நிம்மதியாக இருக்கும் அமைப்புகள் பல உண்டு. லைசென்ஸ் வைத்திருப்பவரை அந்தப் படம் கட்டுப்படுத்தாது. மறைத்து எடுத்து வருபவருக்கு 30.06, வெளியே தெரியும்படி எடுத்து வருபவருக்கு 30.07 என்று தனித்தனிப் பிரிவு, தனித்தனிப் பலகை. 2021 செப்டம்பரில் லைசென்ஸே இல்லாமல் எடுத்துச் செல்லலாம் என்று சட்டம் வந்த பிறகு, அவர்களுக்காக 30.05 என்று மூன்றாவதும் சேர்ந்துவிட்டது.

ஆக, எங்கள் கோயில் வாசலில் "காலணிகளை இங்கே விடவும்" என்று பலகை இருக்கிறது, "கைபேசியை அணைக்கவும்" என்று இருக்கிறது. இதற்கு ஒன்றும் இல்லை. நாம் வாய் மூடி இருப்பதைச் சட்டம் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறது.

எல்லா மாநிலத்திலும் இப்படி இல்லை என்பதுதான் பெரிய சிக்கல். வீட்டில் கைத்துப்பாக்கி வைத்திருப்பது தனிமனித உரிமை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2008ல் சொன்னது. வீட்டுக்கு வெளியே எடுத்துச் செல்வதும் உரிமைதான் என்று 2022 ஜூனில், நியூயார்க் வழக்கில் சொன்னது. இரண்டு தீர்ப்புகளிலும் பள்ளிகள், அரசுக் கட்டடங்கள் போன்ற இடங்களில் தடை செய்யலாம் என்றும் சொல்லியிருக்கிறது. கூட்டம் கூடுகிறது, போலீஸ் காவல் இருக்கிறது என்பதற்காக மன்ஹாட்டன் தீவு முழுவதையும் அப்படித் தடை செய்ய முடியாது என்றும் அதே தீர்ப்பு சொன்னது. அதற்கும் பள்ளிக்கும் நடுவில் எங்கே கோடு போடுவது என்றுதான் இன்றைக்கும் சண்டை. நியூயார்க் உடனே புதுச் சட்டம் போட்டு டைம்ஸ் சதுக்கம், சுரங்க ரயில், பூங்கா, வழிபாட்டுத் தலம் என்று நீளமாகப் பட்டியல் போட்டது, வழக்குகளும் கூடவே வந்தன. ஹவாய் 2023ல் டெக்சாஸுக்கு நேர் எதிராக எழுதியது: பொதுமக்கள் வந்துபோகும் தனியார் இடமாக இருந்தாலும், உரிமையாளர் சம்மதம் சொன்னால்தான் உள்ளே கொண்டுபோகலாம். அந்த விதியும் உச்ச நீதிமன்றம் வரை போனது. என்னைக் கேட்டால் ஹவாய் எழுதியதுதான் நியாயம். என் வீட்டு வாசலில் பலகை இல்லை என்பதற்காக நான் வரவேற்றதாக ஆகிவிடுமா?

டெக்சாஸ் லைசென்ஸை நியூயார்க் ஏற்காது, கலிபோர்னியாவும் ஏற்காது. கோடை விடுமுறைக்குக் காரில் கிளம்பும் குடும்பங்கள் இதை நினைத்துப் பார்ப்பதே இல்லை. டெக்சாஸுக்குள்ளேயே கூட, பள்ளிக் கட்டடத்துக்குள் துப்பாக்கி கொண்டுபோவது பெருங்குற்றம், இரண்டிலிருந்து பத்து வருடம் வரை சிறை. எங்கள் தமிழ்ப் பள்ளி வாடகைக்கு நடப்பது ஓர் அரசுப் பள்ளிக் கட்டடத்தில். ஞாயிற்றுக்கிழமைதானே, பள்ளி விடுமுறைதானே என்று இடுப்பில் வைத்துக்கொண்டு பிள்ளையை வகுப்பில் விட வரும் அப்பாவுக்கு இது தெரியுமா? விமான நிலையக் கதையும் இதுதான். 2023ல் மட்டும் நாடு முழுவதும் பயணிகள் சோதனைச் சாவடிகளில் 6,737 துப்பாக்கிகள் பிடிபட்டன. நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்றில் குண்டு நிரப்பியிருந்தது. பையில் இருந்ததை மறந்துவிட்டேன் என்பதுதான் பெரும்பாலும் சொல்லும் காரணம்.

அந்தத் தம்பி என்னிடம் இன்னொன்றும் கேட்டார். "காரில் வைத்துவிட்டு வரட்டுமா அக்கா? போன மாதம் இதே பார்க்கிங்கில் இரண்டு கார் கண்ணாடியை உடைத்தார்களே." நியாயமான கேள்வி. கோயிலில் தடை போட்டுவிட்டு, நூறு கார்களின் டேஷ்போர்டுக்குள் துப்பாக்கி கிடக்கட்டும் என்று விட்டால், திருடனுக்கு நாமே கடை திறந்து வைத்த மாதிரிதான். இருக்கைக்கு அடியில் எஃகுக் கம்பிவடத்தால் பூட்டி வைக்கும் சின்ன இரும்புப் பெட்டி கிடைக்கிறது. கொலராடோவில் 2025 ஜனவரியிலிருந்து, ஆளில்லாத காரில் கைத்துப்பாக்கியை விட்டுப் போவதானால் பூட்டிய கெட்டிப் பெட்டிக்குள்தான் வைக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. வாங்கச் சொன்ன கட்டுரை, துப்பாக்கியோடு அந்தப் பெட்டியையும் வாங்கச் சொல்லியிருக்க வேண்டும்.

துப்பாக்கியைப் படுக்கைக்குப் பக்கத்து மேசையில் வைக்கச் சொல்லி அந்தக் கட்டுரை எழுதியதும் எனக்கு ஒப்பவில்லை. 2023ல் இந்த நாட்டில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 46,728 பேர், அதில் சுமார் 27,300 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். திருடனுக்காக வைத்தது பெரும்பாலும் யார் கைக்குப் போகிறது என்று பாருங்கள். என் வகுப்பில் பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒரு மதிப்பெண் குறைந்ததற்கு முகம் வாடி உட்கார்ந்திருப்பதை நான் பக்கத்திலிருந்து பார்க்கிறேன். பூட்டாத மேசை இழுப்பறை அந்த வயதுக்கு ஆகாது.

இனி அந்த ஒரு வரிக்கு வருகிறேன். "சட்டப்படி வசிக்கும் எவரும்" அல்ல. குடியுரிமை பெற்றவர்களுக்கும் க்ரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கும் அது பொருந்தும். எஃப்-1 மாணவர்கள், எச்-1பி விசாவில் வேலை செய்பவர்கள், எச்-4ல் இருக்கும் மனைவி அல்லது கணவர், பேரப்பிள்ளையைப் பார்க்க வந்திருக்கும் அம்மா அப்பா, இவர்கள் எல்லோரும் தற்காலிக விசாவில் வந்தவர்கள். கூட்டரசுச் சட்டப்படி இவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே குற்றம். வேட்டை உரிமம் கையில் இருப்பது போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. வாங்குவதை விடுங்கள், நண்பர்களோடு துப்பாக்கி சுடும் மையத்துக்குப் போய் வாடகைத் துப்பாக்கியைக் கையில் எடுத்தாலே வைத்திருந்ததாகத்தான் கணக்கு. அதிகபட்சத் தண்டனை 15 வருடம். அதோடு விசாவும் போகும். ஃப்ளோரிடாவில், மாணவர் விசாவில் வந்து, மதிப்பெண் குறைந்து பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கப்பட்ட ஓர் இளைஞர் சுடும் மையத்தில் இரண்டு துப்பாக்கிகளைச் சுட்டுப் பார்த்ததற்காகக் கைதாகி, அந்த வழக்கு 2019ல் உச்ச நீதிமன்றம் வரை போனது. தன் குடியேற்ற நிலை அவருக்குத் தெரிந்திருந்தது என்பதை அரசு நிரூபிக்க வேண்டும் என்று தீர்ப்பு அவருக்குச் சாதகமாக வந்தது. அதற்குள் அவர் பட்ட பாடு பட்டதுதான்.

நம் பையன்கள் வாரக் கடைசியில் கூட்டமாக அந்த மையங்களுக்குப் போய், துப்பாக்கியைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுகிறார்கள். தேதியும் முகமும் அதில் தெளிவாக இருக்கிறது. அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. உங்கள் கட்டுரையும் சொல்லவில்லை.

கோயில் நிர்வாகக் குழுவிடம் பலகை வைக்கச் சொல்லி நாங்கள் பன்னிரண்டு பேர் கையெழுத்திட்டுக் கொடுத்திருக்கிறோம். சன்னிதி இருக்கும் இடத்தில் துப்பாக்கி பற்றிப் பலகையா என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். பலகையைப் பார்த்தால் இங்கே யார் கையிலும் ஆயுதம் இல்லை என்று கெட்டவனுக்குத் தெரிந்துவிடுமே என்று வேறு சிலர் பயப்படுகிறார்கள். 2017ல் சதர்லண்ட் ஸ்பிரிங்ஸ் தேவாலயத்தில் 26 பேர் இறந்த மாநிலம் இது, அந்தப் பயத்தை நான் தள்ளிவிட மாட்டேன். விழா நாட்களில் சீருடைக் காவலரைச் சம்பளம் கொடுத்து நிறுத்துவோம் என்பது என் யோசனை. அதை எங்கள் குழு பேசித் தீர்க்கட்டும்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். ஆகஸ்டில் புது மாணவர்கள் வந்து இறங்குவார்கள். வந்த முதல் மாதமே யாராவது ஒரு சீனியர் அவர்களைச் சுடும் மையத்துக்குக் கூட்டிப்போவார். அதற்கு முன்னால் வரும் இதழிலேயே, அந்தக் கட்டுரை வந்த அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் திருத்தம் போடுங்கள்.

இப்படிக்கு,
தமிழ்ப் பள்ளி ஆசிரியை ஒருவர்
டெக்சாஸ்