கூச்சல் போட்டவர்களில் நானும் ஒருத்தி

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். டல்லாஸ் மேவரிக்ஸ் கூடைப்பந்து அணியின் பொது மேலாளர் நிகோ ஹாரிசன் 2025 நவம்பர் 11ஆம் தேதி நீக்கப்பட்டது பற்றித் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். லூக்கா டோன்சிச் என்ற ஒரே ஒரு வீரரை டிரேட் செய்ததற்காக, அதாவது வேறு அணிக்குக் கொடுத்துப் பதிலுக்கு ஆள் வாங்கியதற்காக, ரசிகர்கள் ஒன்பது மாதம் கூச்சல் போட்டு ஒரு நிர்வாகியின் வேலையைப் பறித்துவிட்டார்கள் என்றும், விளையாட்டு இன்று வணிகம் என்பது இவர்களுக்குப் புரியவில்லை என்றும் அதில் எழுதியிருந்தது. அந்தக் கூச்சலில் என் குரலும் இருந்ததால் இதை எழுதுகிறேன்.

டல்லாஸுக்கு அடுத்துள்ள இர்விங்கில் இருக்கிறேன். ஸ்லோவேனியா நாட்டுக்காரனான லூக்கா 2018இல் இங்கே ஆட வந்தபோது அவனுக்கு 19 வயது. என் மகனுக்கு 12. பந்தைத் தட்டாமல் எத்தனை அடி எடுத்து வைக்கலாம் என்பதுகூட எனக்கு அப்போது தெரியாது. மகன்தான் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தான். பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்டால் ஒரு வார்த்தையில் முடித்துவிடும் பிள்ளை, லூக்காவைப் பற்றிக் கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவான். 2024 மே மாதம் மின்னசோட்டாவுக்கு எதிரான ஆட்டத்தில், கடைசி மூன்று நொடி இருக்கும்போது, பின்வாங்கி, ரூடி கோபேர் என்ற அந்த நெடிய மனிதரின் தலைக்கு மேலாக எறிந்து லூக்கா ஆட்டத்தை வென்றான். நாங்கள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டில் விளக்கு எரிந்தது. அந்த ஆண்டு இறுதிப் போட்டி வரை போய் பாஸ்டனிடம் தோற்றோம். தோற்றதற்காக யாரும் கோபப்படவில்லை, அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் இருந்தோம்.

2025 பிப்ரவரி 1, சனிக்கிழமை. இரவு பதினொன்றேகால் இருக்கும். ஆஸ்டினில் கல்லூரியில் இருக்கும் மகன் அழைத்தான். "அம்மா, லூக்காவ லேக்கர்ஸுக்குக் குடுத்துட்டாங்கம்மா." லேக்கர்ஸ் என்பது லாஸ் ஏஞ்சலஸ் அணி. செய்தியை வெளியிட்ட நிருபரின் சமூக ஊடகக் கணக்கை யாரோ திருடிப் பொய்யாகப் போட்டிருப்பார்கள் என்று நான் சொன்னேன். அன்று இரவு அப்படி நினைத்தவர்கள் ஏராளம். மறுநாள் காலை மூன்று மணி நேரம் காரோட்டி வீட்டுக்கு வந்துவிட்டான். இருவரும் ஆரஞ்சு லைன் ரயில் பிடித்து விக்டரி நிலையத்தில் இறங்கி, அணியின் அரங்கமான அமெரிக்கன் ஏர்லைன்ஸ் சென்டர் வாசலுக்குப் போனோம்.

அங்கே டிர்க் நோவிட்ஸ்கியின் சிலை இருக்கிறது. இதே ஒரு அணிக்காக 21 பருவங்கள் ஆடி, 2011இல் கோப்பை வாங்கித் தந்தவர். பீடத்தில் பொறித்திருப்பது, விசுவாசம் ஒருநாளும் மங்காது என்ற பொருள் தரும் வாசகம். அதைப் பொறித்தது அணி நிர்வாகம்தானே, நாங்களா? அந்தப் பீடத்தைச் சுற்றித்தான் அன்று பூக்களும் லூக்காவின் 77ஆம் எண் ஜெர்சிகளும் கிடந்தன. சிலர் சவப்பெட்டி ஒன்றையும் கொண்டு வந்திருந்தார்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை. 25 வயதுப் பிள்ளை நன்றாக இருக்கும்போது அவன் பேரில் அப்படிச் செய்யலாமா? மகனிடம் சொல்லிக்கொண்டு அந்தப் பக்கம் போகாமல் நின்றேன்.

வணிகம் என்கிறீர்கள். சரி, வணிகமாகவே பார்ப்போம். பதிலுக்கு வந்தது 31 வயது ஆந்தனி டேவிஸ், இளம் வீரர் மேக்ஸ் கிறிஸ்டி, 2029ஆம் ஆண்டு லீகுக்கு வரும் புதிய வீரர்களில் ஒருவரை முதல் சுற்றில் தேர்ந்தெடுக்கும் ஒரே ஒரு உரிமை. அடுத்த பத்தாண்டு ஆடக்கூடிய ஒருவனுக்கு இவ்வளவுதான். பேச்சு லேக்கர்ஸுடன் மட்டும் ரகசியமாக நடந்தது. வீட்டை விற்கிறவர்கூட நாலு பேரிடம் விலை கேட்பார். இத்தனைக்கும் லூக்கா போகிறேன் என்று சொல்லவே இல்லை. நட்சத்திர வீரர்கள் தாங்களாகவே கேட்டுப் போவதுதான் இந்த லீகில் நாம் அடிக்கடி பார்ப்பது. இவனுக்கோ கடைசி வரை ஒன்றும் தெரியாது. டல்லாஸிலேயே இருந்திருந்தால் ஐந்து ஆண்டுக்குச் சுமார் 345 மில்லியன் டாலர் ஒப்பந்தம் பெறும் தகுதி அவனுக்கு வந்திருக்கும். அணி மாற்றப்பட்டதால் விதிப்படி அந்தத் தகுதியும் போய்விட்டது.

தற்காப்பு ஆட்டம்தான் கோப்பை வெல்லும், அதற்காகவே செய்தேன் என்றார் ஹாரிசன். அது ஒரு கருத்து, வாதிடலாம். ஆனால் அவன் அனுப்பப்பட்ட மறுநாளிலிருந்தே, உடம்பைச் சரியாக வைத்துக்கொள்ளாதவன் என்ற பேச்சு அணித் தரப்பிலிருந்து கசிந்துகொண்டே இருந்ததே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ஏழு வருடம் அவன் பெயரைச் சொல்லி டிக்கெட் விற்றுவிட்டு, வாசலைத் தாண்டியதும் அவனைப் பழிப்பதா?

டேவிஸ் மேல் எங்களுக்கு எந்த வருத்தமும் இல்லை. அவரும் கேட்டு வந்தவர் அல்ல. பிப்ரவரி 8ஆம் தேதி முதல் ஆட்டத்தில் 26 புள்ளி எடுத்தார், கூடையில் விழாமல் திரும்பிய பந்தை 16 முறை பிடித்தார், மூன்றாம் கால்பகுதியில் காயத்தோடு வெளியேறினார். அவர் ஆடியவரை அரங்கம் அவருக்காகக் கை தட்டியது.

ஏப்ரல் 9ஆம் தேதி லூக்கா லேக்கர்ஸ் உடையில் டல்லாஸ் வந்தான். மேல் மாடத்தில் கடைசி வரிசைக்கு முந்தைய வரிசையில் எங்களுக்கு இடம். இருக்கைகளில் 77 போட்ட டி-சட்டை வைத்திருந்தார்கள், அதில் 'ஹ்வாலா ஸா வ்ஸே' என்று எழுதியிருந்தது. எல்லாவற்றுக்கும் நன்றி என்று ஸ்லோவேனிய மொழியில் சொல்வது அது. ஆட்டத்துக்கு முன் அவனுடைய பழைய ஆட்டங்களைப் பெரிய திரையில் போட்டார்கள். பெஞ்சில் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தான். எனக்கு முன்னால் இருந்த ஆறடி ஆள் ஒருவர் தோள் குலுங்க அழுதார். பிறகு லூக்கா எழுந்து போய் எங்களுக்கு எதிராக 45 புள்ளி எடுத்தான். ஒவ்வொரு கூடைக்கும் நாங்கள் எழுந்து நின்றோம். சொந்த அணி தோற்கும்போது கை தட்டுவது என்ன நிலைமை என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

இன்னொன்று. ஹாரிசனை மிரட்டியவர்களை நான் ஆதரிக்கவில்லை. அவருக்கும் குடும்பம் இருக்கிறது. ஆனால் அவர் வேலை போனது எங்கள் கூச்சலால் மட்டுமல்ல. நீக்கப்பட்ட அன்று அணி ஆடியிருந்த 11 ஆட்டங்களில் வென்றது மூன்று. உங்கள் கட்டுரையில் இந்தக் கணக்கு இல்லை. லூக்காவின் பெயரைத் தவிர, எங்கள் கோபத்துக்கான காரணம் ஒன்றுகூட அதில் இல்லை. அடுத்த முறை எழுதுமுன் அந்த அரங்கத்துக்குப் போய்வந்த யாரிடமாவது ஒரு வார்த்தை கேளுங்கள் என்று வேண்டுகிறேன்.

இப்போது கூப்பர் ஃபிளாக் வந்திருக்கிறான். புதிய வீரர்களில் முதல் ஆளைத் தேர்ந்தெடுக்கும் உரிமைக்கான குலுக்கலில், 1.8 சதவீத வாய்ப்பே இருந்தும் எங்கள் அணிக்கு அடித்த முதல் தேர்வு, வந்தபோது வயது 18. நன்றாக ஆடுகிறான், பார்க்க ஆசையாக இருக்கிறது. அவனுடைய 32ஆம் எண் ஜெர்சியை மகனுக்கு வாங்கி அனுப்பட்டுமா என்று போன வாரம் கேட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ரெண்டு மூணு வருஷம் போகட்டும்மா" என்றான்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
இர்விங், டெக்சஸ்