நாற்பது நிமிடம் கேட்கிறோம்: எங்கள் சிங்கப்பூர் வட்டார நற்பணிச் செயற்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், பொருளாளர், செயற்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

சென்ற மாதம் மூன்றாவது சனிக்கிழமை, நாற்பது நிமிட இசைத்தொகுப்பு ஒன்றை முழுதாகக் கேட்க நாம் கூடிய சமூக மன்றத்தின் இரண்டாம் மாடி அறையில், இருபத்திரண்டாம் நிமிடத்தில் என்ன நடந்தது என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நடந்ததோடு விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் போன வாரம் உங்களிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. "நிகழ்ச்சி சிறப்பாக நடந்தேறியது" என்று தொடங்கி, பொன்னாடைப் படங்கள் நான்கை இணைத்து, கடைசியில் ஓர் ஆலோசனையும் சொல்லியிருந்தீர்கள். அடுத்த முறை அந்த இசைத்தொகுப்பின் "முக்கியமான பகுதிகளை மட்டும் பத்து நிமிடத்துக்குச் சுருக்கி", மீதி நேரத்துக்குக் கிட்டாரில் இரண்டு மூன்று சினிமாப் பாட்டுகளைச் சேர்த்துக்கொண்டால் எல்லா வயதினரும் ரசிப்பார்களாம்.

ஆலோசனைக்கு நன்றி. எங்களுக்கு நாற்பது நிமிடம் வேண்டும். விளக்கை அணைத்து, மைக்கை அணைத்து, இடையில் நிறுத்தாமல் நாற்பது நிமிடம்.

இது புதிய கோரிக்கையும் இல்லை. விண்ணப்பப் படிவத்தில் 'நிகழ்ச்சியின் நோக்கம்' என்ற கட்டத்தில் "ஓர் இசைத்தொகுப்பை முழுதாக உட்கார்ந்து கேட்பது, பிறகு அதைப் பற்றித் தமிழில் பேசுவது" என்று என் கைப்பட எழுதியிருந்தேன். செயலாளர் அண்ணன் இரண்டு முறை போன் போட்டு, "கேக்குறது மட்டும்தானா? யார் பாடுறா?" என்றார். யாரும் பாடவில்லை, இசைத்தட்டு பாடும் என்றேன். "சரி, பாத்துக்கலாம்" என்றார். அந்தப் 'பாத்துக்கலாமில்' நான் சுதாரித்திருக்க வேண்டும்.

தொகுப்பின் பெயர் 'சுவ்லாக்கி'. ஸ்லோடைவ் என்ற ஆங்கிலேயக் குழு 1993இல் வெளியிட்டது. சுவ்லாக்கி என்பது கிரேக்கர்கள் குச்சியில் குத்திச் சுடும் இறைச்சி, நம்மூர் சாத்தேவுக்குத் தூரத்துச் சொந்தம். இதை நான் பேச்சுவாக்கில் சொல்லப்போய், சுவரொட்டியில் சாத்தே படத்தைப் போட்டுவிட்டீர்கள். வந்த முப்பத்தாறு பேரில் எத்தனை பேர் இசைக்கு வந்தார்கள், எத்தனை பேர் சாத்தேவுக்கு வந்தார்கள் என்று நான் கணக்கெடுக்கவில்லை. (கிடைத்தது பிரியாணி. குறை சொல்ல மாட்டேன், நல்ல பிரியாணி.)

ஆறரைக்குத் தொடங்க வேண்டியது ஏழுக்குத் தொடங்கியது. வாழ்த்துப் பாடல், வரவேற்புரை, வரவேற்புரையை வரவேற்று ஒரு சிற்றுரை. நேரமாகிவிட்டது என்று என் மூன்று நிமிட அறிமுகம் மட்டும் வெட்டப்பட்டது. அதற்காக ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தேன். இந்த வகை இசையில் கிட்டார் நாம் பழகிய கிட்டாராக ஒலிக்காது. தந்தியில் பிறக்கும் ஓசை, வாசிப்பவரின் காலடியில் வரிசையாக இருக்கும் சின்னச் சின்னப் பெட்டிகளுக்குள் புகுந்து, நீண்டு, மடங்கி, ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து வெளியே வரும். எந்நேரமும் குனிந்து அந்தப் பெட்டிகளையே பார்த்துக்கொண்டு வாசித்ததால், ஆங்கிலப் பத்திரிகைகள் கிண்டலாக 'ஷூகேஸ்' என்று பெயர் வைத்தன. சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவர்கள். குரலும் மேலே ஏறி நிற்காமல் கிட்டார்களுக்கு நடுவே ஒளிந்துகொள்ளும். "ஒரு வார்த்தைகூட புரியலையே" என்று பொருளாளர் வருத்தப்பட்டார். புரியாதபடிதான் கலந்திருக்கிறார்கள் ஐயா.

இவற்றுக்கெல்லாம் தமிழில் என்ன சொல்வது என்று மூன்று இரவு உட்கார்ந்து யோசித்தேன். ஒலி நீண்டு நிற்பதைக் கர்நாடக இசைக்காரர்கள் கார்வை என்கிறார்கள், அது அப்படியே பொருந்துகிறது. திரும்பித் திரும்பி வருவதற்கு எதிரொலி இருக்கிறது. அறை முழுக்க நிறைந்து அடங்க மறுக்கும் அந்த ஒன்றுக்குத்தான் சொல் அகப்படவில்லை. ரீங்காரம் என்று எழுதி அடித்தேன். முழக்கம் என்று எழுதி அதையும் அடித்தேன். கடைசியில் கேள்விக்குறி போட்டு, வந்தவர்களிடமே கேட்கலாம் என்று விட்டு வைத்தேன். தம்புராவை மட்டும் சற்று நேரம் கண்மூடிக் கேட்டவருக்கு இந்த ஓசை அந்நியமாக இருக்காது என்று முடித்திருந்தேன். அந்தத் தாள் இன்னும் என் பையில்தான் இருக்கிறது.

சரி, அந்த இருபத்திரண்டாம் நிமிடத்துக்கு வருகிறேன்.

இசைத்தட்டில் முதல் பக்கம் ஐந்து பாட்டு, 19 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. இரண்டாம் பக்கம் ஐந்து பாட்டு, 22 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. முதல் பக்கம் முடிந்து தட்டைத் திருப்ப எழுந்தேன். கைதட்டல். விளக்குகள் எரிந்தன. நெறியாளர் மைக்கைப் பிடித்து, "செவிக்கு விருந்தளித்த" என்று ஆரம்பித்துவிட்டார். இல்லை, பாதிதான் ஆகியிருக்கிறது என்று கைகளை ஆட்டி நிறுத்தினேன். மறுபடி விளக்கை அணைத்தீர்கள், அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆறாம் பாட்டு தொடங்கியது. கிட்டத்தட்ட ஆறு நிமிடம், எதிரொலிக்குமேல் எதிரொலி. "மிஷின் கெட்டுப் போச்சா?" என்று இருட்டில் ஒரு குரல். சிரிப்பு. அப்புறம் மெல்ல அறை அடங்கியது. உண்மையாகவே அடங்கியது. ஒரு குழந்தைகூட நெளியவில்லை.

அப்போதுதான் கதவு திறந்தது. ஏழு மணிக்கு வரவேண்டிய சிறப்பு விருந்தினர் ஏழே முக்காலுக்கு வந்தார். எல்லா விளக்கும் ஒன்றாக எரிந்தன. ஒரு கை (யாருடையது என்று சொல்லமாட்டேன், அவருக்கே தெரியும்) ஓடிக்கொண்டிருந்த ஊசியை ஈ ஓட்டுவது போல விரலால் தள்ளிவிட்டது. அந்தச் சத்தத்தை இரண்டு பெரிய ஸ்பீக்கர்களில் அனைவரும் கேட்டோம். விருந்தினர் வாசலிலேயே ஓரடி பின்வாங்கினார். பாவம், அதுதான் நிகழ்ச்சி என்று நினைத்திருப்பார்.

பிறகு பொன்னாடை, உரை, அதிர்ஷ்டக் குலுக்கு, படம், பிரியாணி. மிச்ச நான்கு பாட்டைப் பற்றி யாரும் பேசவில்லை.

அந்தக் கீறல் ஆறாம் பாட்டின் நடுவில் பிறந்து ஏழாம் பாட்டைக் குறுக்கே கடக்கிறது. நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்றும் தட்டில் ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி. இனி என் ஏழாம் பாட்டில் 1.8 விநாடிக்கு ஒரு 'டக்'. கடிகாரம் தோற்றுப்போகும் ஒழுங்கு, பாட்டின் தாளத்தோடு மட்டும்தான் சேர மறுக்கிறது. இழப்பீடு எதுவும் வேண்டாம். நாற்பது நிமிடம் மட்டும் கொடுங்கள்.

என் தட்டுக்காகக்கூட இவ்வளவு நீளமாக எழுதியிருக்கமாட்டேன். எங்கள் புளோக்கில் ஐந்தாம் மாடியில் ஒரு பெரியவர் இருக்கிறார். துறைமுகத்தில் முப்பது வருடத்துக்குமேல் கிரேன் ஓட்டியவர். கிட்டாருக்கும் அவருக்கும் சம்பந்தம் கிடையாது, சாத்தே கணக்கில் வந்தவர்தான் என்று நினைக்கிறேன். மூன்றாம் வரிசையில் கைகட்டி, கண்மூடி, அசையாமல் உட்கார்ந்திருந்தார். தூங்கிவிட்டார் என்றே நினைத்தேன். மறுநாள் லிஃப்டில் பார்த்தபோது அவராகவே பேசினார். "தம்பி, அந்த ரெண்டாவது பக்கம் ஆரம்பிச்சுச்சே, ராத்திரி ஷிப்டுல கிரேன் மேல தனியா உக்காந்து, தூரத்துல நிக்கிற கப்பலு விளக்கெல்லாம் பாக்குற மாதிரியே இருந்துச்சு. அப்புறம் என்னாச்சு?"

அப்புறம் என்ன ஆனது என்று ஒரு பாட்டை எப்படி வாயால் சொல்வது? சிறப்பு விருந்தினர் வந்துவிட்டார் என்றேன். "அது தெரியும், பாட்டுல என்னாச்சு?" என்றார். ஐந்தாம் மாடி வந்துவிட்டது, இறங்கிப் போய்விட்டார். அவர் அறிவுச்சோதனையில் தோற்றுப்போன மாணவன் மாதிரி நான் பன்னிரண்டாம் மாடிவரை தனியாக ஏறினேன்.

சுருக்கித் தரச் சொல்கிறீர்கள். எதைச் சுருக்குவது? இந்தத் தொகுப்பின் கடைசிப் பாட்டில் ஒரு கிட்டாரும் ஒரு குரலும்தான் முன்னே நிற்கின்றன. ஒன்பது பாட்டாகச் சூழ்ந்திருந்த மூட்டம் அங்கே விலகி, பாடுகிறவர் கையெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருப்பதுபோலத் தெரியும். குழுவில் பாடும் இருவரும் சின்ன வயதிலிருந்தே சிநேகிதர்கள், காதலித்து அந்தச் சமயத்தில்தான் பிரிந்திருந்தார்கள். அதையெல்லாம் கிட்டார்களுக்குப் பின்னால் மறைத்து மறைத்து வந்து, கடைசியில் மறைப்பதை விட்டுவிடுகிறார்கள். அந்த ஒரு பாட்டை மட்டும் பிய்த்துப் போட்டால் அது ஆயிரத்தில் ஒரு சோகப் பாட்டு. முப்பத்தேழு நிமிடம் காத்திருந்து கேட்டால்தான் அது அது.

நான் இதை முதன்முதலில் கேட்டது தேசிய சேவை என்ற கட்டாய ராணுவப் பயிற்சியில். தெக்கோங் தீவில், பக்கத்துக் கட்டில் சீன நண்பன் எங்கிருந்தோ பதிவுசெய்து கொண்டுவந்த நாடாவில், ஆளுக்கு ஒரு காதாக. விளக்கணைப்பு என்று சார்ஜண்ட் ஒரு சொல் சொன்னால் போதும், கட்டடமே இருண்டுவிடும். நம் மன்றத்தில் ஓர் அறையை நாற்பது நிமிடம் இருட்டாக வைத்திருக்க ஒரு செயற்குழுவே சேர்ந்தும் முடியவில்லை.

துணைச் செயலாளர் இதை இரைச்சல் என்றார். அவர்மீது எனக்குக் கோபமில்லை. இந்தத் தொகுப்பு வெளிவந்தபோது ஆங்கில இசை வார இதழ் ஒன்றின் விமர்சகர், இதை மறுபடி கேட்பதைவிடக் கஞ்சி நிறைந்த குளியல் தொட்டியில் மூச்சுமுட்டிச் சாவேன் என்கிற மாதிரி எழுதினார். நம் துணைச் செயலாளர் எவ்வளவோ நாகரிகமானவர். 1995இல் அடுத்த தொகுப்பு வந்ததும் அந்தக் குழுவை அதன் இசைத்தட்டு நிறுவனமே கைவிட்டது. 2014இல்தான் மறுபடி மேடையேறினார்கள், அடுத்த தொகுப்பு 2017இல். இருபத்திரண்டு வருடம் காத்திருந்தவர்களின் பாட்டு, நம்மிடம் வந்து இருபத்திரண்டு நிமிடம்தான் தாக்குப்பிடித்தது.

"கிட்டாரெல்லாம் நம்ம பண்பாடு இல்லையே" என்று ஒருவர் பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே சொன்னதும் காதில் விழுந்தது. இளையராஜா செவ்வியல் கிட்டார் முறையாகப் பயின்றவர் என்று அவருக்கு யாராவது சொல்லுங்கள். இந்த ஊரில் குவீன்ஸ்டவுன் பள்ளி மாணவர்கள் தொடங்கிய 'தி குவெஸ்ட்ஸ்' குழு, 1964இல் வெறும் கிட்டார் இசையை வைத்தே உள்ளூர்ப் பாடல் வரிசையில் பீட்டில்ஸைக் கீழே இறக்கியிருக்கிறது. 1970களில், முடி நீளமாக வைத்த ஆண்களைக் கடைசியாகத்தான் கவனிப்போம் என்று அரசாங்க அலுவலகங்களிலேயே சுவரொட்டி ஒட்டிய ஊரும் இதுதான். அந்த ஊரே மாறி, 2002லிருந்து எஸ்பிளனேடு கலையரங்கில் 'பேபீட்ஸ்' இசை விழா நடக்கிறது. கிட்டார் குழுக்கள் வாசிக்கின்றன, காசு வாங்காமல். நம் வீட்டுப் பிள்ளைகளும் போகிறார்கள். வந்து அதைப் பற்றி ஆங்கிலத்தில் பேசுகிறார்கள், அல்லது நம்மிடம் பேசுவதே இல்லை. பிறகு ஏப்ரல் மாதம் தமிழ்மொழி விழாவுக்கு நாம் கூடி, இளையர்கள் ஏன் தமிழ் பேசுவதில்லை என்று மூன்று மணி நேரம் வருந்துகிறோம். அந்த மூன்று மணி நேரத்தை யாரும் பத்து நிமிடத்துக்குச் சுருக்கச் சொல்லிக் கேட்டதில்லை.

கேட்க வந்ததை விட்டு எங்கெங்கோ போகிறேன், மன்னிக்கவும். உங்கள் உழைப்பு எனக்குத் தெரியும். தீபாவளிக்கு வயதானவர்கள் வீடு வீடாக நீங்கள் பை தூக்கிக்கொண்டு போனதை மறப்பவன் நானில்லை. ஊசியைத் தள்ளியவர்கூட விருந்தினருக்கு மரியாதைக் குறைவாகிவிடுமே என்ற பதற்றத்தில்தான் தள்ளினார்.

ஆகவே தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். ஏதாவது ஒரு வாரநாள் மாலை, அதே இரண்டாம் மாடி அறை. சிறப்பு விருந்தினர் வேண்டாம், வர விரும்பினால் முப்பத்தேழாவது நாற்காலியில் மற்றவர்களோடு வந்து உட்காரட்டும். சுவரொட்டி வேண்டாம். சாப்பாடு வேண்டாம். ரெக்கார்டு பிளேயரையும் ஸ்பீக்கர்களையும் சென்ற முறைபோல நானே தள்ளுவண்டியில் கொண்டுவருகிறேன். விளக்குச் சுவிட்சுக்குப் பக்கத்தில் உங்களில் ஒருவர் உட்கார்ந்து, அதை யாரும் தொடாமல் பார்த்துக்கொண்டால் போதும். அதே தட்டைத்தான் போடுவேன். ஏழாம் பாட்டில் அந்த 'டக்' கேட்கும், யாரும் எழுந்து வந்து சரிசெய்ய வேண்டியதில்லை. தட்டைத் திருப்பும்போது தயவுசெய்து கைதட்ட வேண்டாம்.

நாற்பது நிமிடம். தேதியைச் சொன்னால், ஐந்தாம் மாடிப் பெரியவரிடம் இன்று மாலையே சொல்லிவிடுவேன். போன செவ்வாய்க்கிழமையும் லிஃப்டில் கேட்டார்.

இப்படிக்கு,
உங்கள் வட்டாரவாசி, பன்னிரண்டாம் மாடி

பி.கு.: அன்று பிரியாணிக் கணக்கில் இரண்டு பொட்டலம் உதைக்கிறது என்று பொருளாளர் ஐயா தேடிக்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். நான்தான் எடுத்துப்போனேன். தட்டைத் துடைத்துக்கொண்டிருந்ததில் சாப்பிட நேரமில்லை.