வற்றத்தில் பாஸ் மீன் பிடிக்கக் கயாக் (சிறு துடுப்புப் படகு) இறக்குபவர்கள் கவனத்துக்கு

நண்பர்களே, புல் மண்டிய ஆழமில்லாத ஓதநீரில் இறங்குமுன் ஓத அட்டவணையை (கடல்நீர் ஏறி இறங்கும் நேரப் பட்டியலை) பாருங்கள். வற்றத்தின், அதாவது தண்ணீர் இறங்கும் ஓதத்தின், கடைசி 2 மணி நேரம்தான் நல்ல வேளை. ஏற்றத்தில் புல்லுக்குள் சிதறிக் கிடக்கும் பாஸ், தண்ணீர் இறங்க இறங்கப் புல் ஓரத்துக்கும் ஓடை வாய்க்கும் வந்து நீரோட்டத்தைப் பார்த்து நிற்கும். அதனால் ஓட்டத்துக்கு மேற்பக்கம் வீசி, அதன் போக்கில் இறங்க விடுங்கள்.

3/0 அளவு ஆஃப்செட் முள் (கழுத்து வளைந்த தூண்டில் முள்), 5 கிராம் ஈயக்குண்டு, ரப்பர் புழு போதும். முள்முனையைப் புழுவின் தோலுக்கடியில் லேசாகப் புதையுங்கள். வெளியே நீட்டினால் வீச்சுக்கு வீச்சு புல்தான் வரும். நூல் 30 முதல் 50 பவுண்டு தாங்கும் பிரெய்டு (பின்னிய நூல்). மெல்லிய நரம்பு புல்லில் சுற்றினால் அறுந்துவிடும். பாய்போல மூடிய புல்லில் ரப்பர் தவளை போடுங்கள். மீன் பாயும் 'பளக்' சத்தத்துக்கு இழுக்காதீர்கள், நூல் கனத்த பிறகு இழுங்கள். (இதைச் சொல்வது சுலபம்!)

கயாக்கை நிறுத்த நங்கூரத்தைவிடக் குத்துக்கழி (தரையில் ஊன்றும் கழி) மேல், சேற்றில் சத்தமில்லாமல் இறங்கும். எதுவானாலும் முன்முனையிலோ பின்முனையிலோ கட்டுங்கள். நடுப்பக்கத்தில் கட்டினால் ஓட்டம் கயாக்கைக் கவிழ்த்துவிடும். மீன் கடித்துக்கொண்டே இருந்தாலும், திரும்பும் ஓடையில் முழங்கால் தண்ணீர் இருக்கும்போதே கிளம்புங்கள். சேற்றில் இறங்கித் தள்ள வேண்டாம், கால் புதையும். லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றவே கூடாது.